அடையாளம் தெரியாத உடல்: கல்வராயன் மலையும் தடயவியல் மானிடவியலின் வரலாறும்

அழுகியோ, எரிந்தோ, வெறும் எலும்பாகவோ கிடைக்கும் மனித உடலை ஆராய்ந்து, இறந்தவர் ஆணா பெண்ணா, என்ன வயது, எவ்வளவு உயரம், யாராக இருக்கலாம் என்று கண்டறிய உதவும் அறிவியல் துறை தடயவியல் மானிடவியல் ஆகும். மனித உடலின் அமைப்பையும் மக்கட்கூட்டங்களிடையே அது வேறுபடும் விதத்தையும் கற்பிக்கும் உடல்சார் மானிடவியலிலிருந்து இது கிளைத்தது. இன்று காவல் துறை, நீதிமன்றம், பேரிடர் மீட்புக் குழு, மனித உரிமை அமைப்புகள் ஆகியவை இத்துறையின் உதவியை நாடுகின்றன.

இத்துறையின் வரலாற்றைப் படிப்பவருக்கு ஓர் உண்மை புலப்படும். எலும்பு பல செய்திகளைச் சொல்லும். பெயரை மட்டும் சொல்லாது. இறந்தவர் உயிரோடு இருந்தபோது எங்கேனும் பதிவான ஒரு கைரேகை, ஒரு பல்லின் அச்சு, ஒரு புகைப்படம், அல்லது இரத்த உறவினர் ஒருவரின் மரபணு ஆகியவற்றுள் ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் பெயர் கிடைக்கும். ஆகவே வாழும்போது பதிவு பெற்றவருக்கு இறந்தபின் பெயர் எளிதில் கிடைக்கிறது. பதிவு பெறாதவர் 'அடையாளம் தெரியாத ஆண் சடலம்' என்ற ஒற்றை வரியோடு முடிந்துபோக நேர்கிறது. கள்ளக்குறிச்சியை அடுத்த கல்வராயன் மலை மக்களுக்கு இது ஏட்டளவிலான செய்தி அன்று.

மலையும் மக்களும்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் இதன் பெரும்பரப்பு அமைந்துள்ளது. கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் வெள்ளிமலையும், சேலம் பக்கத்தில் கருமந்துறையும் மலைமேல் உள்ள முக்கிய ஊர்கள். முன்பு விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சி, 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டமாக இயங்குகிறது.

இங்கு வாழ்வோரில் பெரும்பான்மையினர் 'மலையாளி' எனப்படும் பழங்குடியினர். கேரள மக்களைக் குறிக்கும் சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் இது. இவர்களது தாய்மொழி தமிழே. நெடுங்காலம் ஜாகிர்தார்களின் கட்டுப்பாட்டில் இருந்த இம்மலை, 1976-இல்தான் முழுமையாக அரசு நிர்வாகத்தின் கீழ் வந்தது. சமவெளியில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எழுதப்பட்டு வந்த அரசுப் பதிவேடுகள், மலைமேல் இரண்டு தலைமுறைக்கு முன்னர்தான் முறையாகத் தொடங்கின என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும்.

மானாவாரிப் பயிர் மட்டும் ஆண்டு முழுவதற்கும் போதாததால், மலை மக்களில் பலர் கூலி வேலைக்கு வெளியூர் செல்கின்றனர். சிலர் கேரள, கர்நாடகத் தோட்டங்களுக்கும், சிலர் நகரங்களின் கட்டட வேலைக்கும் போகின்றனர். இடைத்தரகர்களின் ஆசை வார்த்தையில் ஆந்திர மாநிலத்துக்குச் செம்மரம் வெட்டச் சென்றவர்களும் உண்டு. சட்டவிரோதமான அந்த வேலைக்குப் போகும் ஒருவர், போகுமிடத்தை வீட்டில் சொல்வதில்லை. அடையாள அட்டையையும் பெரும்பாலும் எடுத்துச் செல்வதில்லை.

2015 ஏப்ரல் 7 அன்று, சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல் துறையின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் 20 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலைப்பகுதிகளைச் சேர்ந்தவர்கள். 2018 பிப்ரவரி 18 அன்று, கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து ஆண்களின் உடல்கள் மிதந்தன. அவர்கள் கல்வராயன் மலையின் கருமந்துறை வட்டாரக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள் என்பது பின்னர் தெரியவந்தது. எப்படி இறந்தார்கள் என்பது பற்றி அன்று பெரும் சர்ச்சை எழுந்தது. அதற்கும் முன்பாக எழுந்த கேள்வி, அந்த ஐவர் யார் என்பதே. நீரில் ஊறிய உடலில் முகம் உருக்குலைந்துபோகும். தேடி வருவதற்கு உறவினர் இருந்தால்தான், அந்த உறவினருக்குச் செய்தி எட்டினால்தான், உடல் ஊர் வந்து சேரும்.

எலும்பு சொல்பவை

வளர்ந்த மனித உடலில் 206 எலும்புகள் உள்ளன. தடயவியல் மானிடவியலாளர் முதலில் பார்ப்பது, கிடைத்தது மனித எலும்புதானா என்பது. காட்டோரங்களில் கிடைக்கும் எலும்புகளில் ஆடு, மாடு, பன்றி ஆகியவற்றின் எலும்புகளும் கலந்திருக்கும். அடுத்த கேள்வி, ஒருவருடையதா பலருடையதா என்பது. இரண்டு இடது தொடை எலும்புகள் கிடைத்தால் குறைந்தது இருவர் என்று கொள்ள வேண்டும்.

ஆணா பெண்ணா என்பதை உறுதியாகக் காட்டுவது இடுப்பெலும்பு. மகப்பேற்றுக்கு ஏற்றவாறு பெண்ணின் இடுப்புக்கூடு அகன்றிருக்கும். மண்டை ஓட்டில் புருவமேடு, காதின் பின்புறப் புடைப்பு, தாடை ஆகியவை ஆண்களிடம் பொதுவாகத் தடித்திருக்கும். எனினும் பருவமடையாத சிறுவர், சிறுமியரின் எலும்பில் இந்த வேறுபாடுகள் தெளிவாகத் தெரியா.

வயதைக் கணிக்கச் சிறுவயதில் பற்களே நல்ல சான்று. அதன்பின் நீள எலும்புகளின் முனைகள் உடலோடு ஒன்றிணையும் காலம் உதவும். காறை எலும்பின் உள்முனை ஏறத்தாழ முப்பது வயதை நெருங்கும்போதுதான் முழுமையாக இணைகிறது. எனவே இருபத்தைந்து வயது வரை நெருக்கமாகச் சொல்ல முடியும். நாற்பதைத் தாண்டியவரின் வயதைப் பத்து, பதினைந்து ஆண்டு இடைவெளி விட்டுத்தான் சொல்ல இயலும்.

உயரத்தைத் தொடை எலும்பிலிருந்து கணிக்கலாம். அது ஒருவரின் உயரத்தில் நான்கில் ஒரு பங்கைவிடச் சற்று கூடுதல். முறிந்து ஆறிய எலும்பு, அடைத்த பல், இழந்த பல், மூட்டுத் தேய்மானம் ஆகியவை அந்த மனிதரின் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லும். இவை எல்லாம் சேர்ந்து, தேட வேண்டிய ஆட்களின் எண்ணிக்கையைக் குறைக்கின்றன. 'முப்பது முதல் நாற்பது வயதுள்ள ஆண், ஏறத்தாழ 162 சென்டிமீட்டர் உயரம், இடது முன்கை முறிந்து ஆறியது' என்ற குறிப்போடு காணாமற்போனோர் பட்டியலைப் புரட்டலாம். ஆனால் அந்தப் பட்டியலில் அவர் பெயர் இருக்க வேண்டும்.

பல் செட்டும் புகைப்படமும்

எலும்பையும் பல்லையும் கொண்டு ஆளை அடையாளம் கண்ட தொடக்ககால வழக்குகளுள் ஒன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்தது. 1849 நவம்பரில் ஜார்ஜ் பார்க்மன் என்ற செல்வந்தர் காணாமற்போனார். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஜான் வெப்ஸ்டரின் ஆய்வகத்தில் உடற்பாகங்களும், அடுப்பில் எரிந்த எலும்புத் துண்டுகளும், ஒரு செயற்கைப் பல் செட்டும் கிடைத்தன. உடற்கூறியல் பேராசிரியர்கள் எலும்புகளைப் பொருத்தி, அவை பார்க்மனின் உடலமைப்போடு ஒத்துப்போவதாகக் காட்டினர். ஐயத்தை நீக்கியவரோ பல் மருத்துவர் நேதன் கீப். பார்க்மனுக்குப் பல் செட் செய்தபோது எடுத்த தாடை அச்சை அவர் பத்திரமாக வைத்திருந்தார். நீதிமன்றத்தில் அந்த அச்சும் எரிந்த பல் செட்டும் பொருந்தின.

1935-இல் பிரிட்டனில் மற்றொரு வழக்கு உலகின் கவனத்தை ஈர்த்தது. இசபெல்லா ரக்ஸ்டன் என்ற பெண்ணும் அவரது வீட்டுப் பணிப்பெண்ணும் கொல்லப்பட்டு, துண்டுகளாக்கப்பட்ட உடல்கள் ஸ்காட்லாந்தின் மோஃபட் ஊருக்கு அருகே ஓர் ஓடையில் வீசப்பட்டிருந்தன. குற்றவாளி இசபெல்லாவின் கணவரான மருத்துவர் பக் ரக்ஸ்டன். பம்பாயில் பிறந்த பார்சி. அடையாளம் தெரியக்கூடாது என்று முகத்தையும் விரல் நுனிகளையும் அவர் சிதைத்திருந்தார். பேராசிரியர்கள் ஜான் கிளெய்ஸ்டரும் ஜேம்ஸ் பிராஷும் துண்டுகளை இரண்டு உடல்களாகப் பிரித்து அடுக்கினர். பின்னர் மண்டை ஓட்டின் படத்தை, இசபெல்லா உயிரோடு இருந்தபோது எடுத்த புகைப்படத்தின் மேல் அதே அளவில், அதே கோணத்தில் பொருத்திக் காட்டினர். சூப்பர் இம்போசிஷன் எனப்படும் இந்த மேற்பொருத்தல் முறை அதன்பின் உலகெங்கும் பரவியது.

பார்க்மனும் இசபெல்லாவும் வசதியுள்ள குடும்பத்தினர். ஒருவருக்குப் பல் மருத்துவர் இருந்தார். மற்றவருக்கு ஸ்டுடியோவில் எடுத்த புகைப்படம் இருந்தது.

சென்னை: ஆளவந்தார் வழக்கு முதல்

தடயவியலில் சென்னைக்கு நீண்ட வரலாறு உண்டு. நஞ்சைக் கண்டறியும் வேதியியல் ஆய்வாளர் கூடம் சென்னை மாகாணத்தில் 1849-இலேயே தொடங்கப்பட்டது. உலகின் முதல் கைரேகைப் பிரிவுகளுள் ஒன்று 1897-இல் கல்கத்தாவில் அமைந்தது. அங்கு அசிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் ஆகிய இந்தியக் காவல் அலுவலர்கள் உருவாக்கிய வகைப்பாட்டு முறை, அவர்களது மேலதிகாரி ஹென்றியின் பெயரால் உலகெங்கும் வழங்கலாயிற்று.

1952 ஆகஸ்ட் இறுதியில், போட் மெயில் என்று மக்கள் அழைத்த இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ் தொடர்வண்டியில் ஒரு டிரங்குப் பெட்டி நாற்றமடித்தது. மானாமதுரை நிலையத்தில் அதைத் திறந்தபோது உள்ளே தலையில்லாத ஆண் உடல் இருந்தது. அதே நாட்களில் சென்னையில் ஆளவந்தார் என்ற வணிகர் காணவில்லை என்று அவரது மனைவி தேடிக்கொண்டிருந்தார். பின்னர் இராயபுரம் கடற்கரையில் ஒரு தலை கிடைத்தது.

உடலும் தலையும் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்தன. தடயவியல் மருத்துவப் பேராசிரியர் சி. பி. கோபாலகிருஷ்ணன் இரண்டும் ஒருவருடையவையே என்று கண்டறிந்தார். காது மடலில் இருந்த துளைகள் உள்ளிட்ட அடையாளங்களைக் கொண்டு மனைவி கணவரை அடையாளம் காட்டினார். ஆளவந்தார் முன்பு படையில் பணியாற்றியவர் என்பதால் அவரது கைரேகை படைப் பதிவேட்டில் இருந்தது. உடலின் ரேகையும் பதிவேட்டு ரேகையும் ஒத்துப்போயின. படையில் சேராத ஒரு கூலித் தொழிலாளியின் உடல் அந்தப் பெட்டியில் இருந்திருந்தால், காவல் துறையிடம் ஒப்பிடுவதற்கு ரேகையே இருந்திருக்காது.

இதன்பின் தமிழ்நாட்டுத் தடய அறிவியல் துறையில் பி. சந்திரசேகரன் மண்டை ஓட்டு மேற்பொருத்தல் முறையைச் செம்மைப்படுத்தினார். மண்டை ஓட்டைப் புகைப்படத்தின் கோணத்துக்கு ஏற்பத் திருப்பி நிறுத்தும் வழிமுறைகளை விளக்கி 1971-இல் அவர் வெளியிட்ட கட்டுரை பன்னாட்டு இதழில் வந்தது. பின்னாளில் அத்துறையின் இயக்குநரான அவர், 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்தை ஆராய்ந்து, குண்டு ஒரு பெண்ணின் இடுப்பில் கட்டப்பட்டிருந்தது என்று விளக்கினார். அப்பெண்ணை அடையாளம் காண, அங்கே இறந்துபோன புகைப்படக்காரரின் கருவியில் எஞ்சிய படங்கள் பெரிதும் உதவின. இங்கும் விடையைத் தந்தது உயிரோடு இருந்தபோது பதிவான படமே.

யாருடைய எலும்பை அளந்த கணக்கு?

எலும்பின் நீளத்திலிருந்து உயரத்தைக் கணிக்கும் சூத்திரங்கள் கூட, முன்னரே பதிவான அளவுகளை நம்பியே பிறந்தவை. அமெரிக்கரான மில்ட்ரட் டிராட்டரும் கோல்டின் கிளெசரும் 1952-இல் வெளியிட்ட சூத்திரங்கள் உலகில் மிகுதியாகப் பயன்பட்டன. இரண்டாம் உலகப் போரில் இறந்த அமெரிக்க வீரர்களின் எலும்புகளை அவர்கள் அளந்தனர். படையில் சேர்ந்தபோது ஒவ்வொரு வீரரின் உயரமும் எழுதப்பட்டிருந்ததால், எலும்புக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட முடிந்தது.

ஆனால் உடல் விகிதம் எல்லா மக்களிடமும் ஒன்றுபோல் இல்லை. அமெரிக்கச் சூத்திரத்தை இந்தியர் எலும்புக்கு அப்படியே பொருத்தினால் விடை சில சென்டிமீட்டர் பிசகும். இதை உணர்ந்து 1924-இல் பான் என்பவர் கிழக்கிந்தியப் பகுதி மக்களுக்கும், 1931-இல் நாத் என்பவர் ஐக்கிய மாகாண மக்களுக்கும் தனித்தனிக் கணக்குகளை வகுத்தனர். இன்றும் தடயவியல் மருத்துவப் பாடநூல்களில் இவை இடம்பெறுகின்றன. தென்னிந்திய மலைவாழ் மக்களின் உடல் அளவைத் தனியே கொள்ளாமல், வடக்கிலோ வெளிநாட்டிலோ பிறந்த கணக்கை வைத்து அவர்களது உயரத்தைச் சொன்னால், தேடும் காவலர் தவறான ஆளைத் தேட நேரிடும். ஐந்து சென்டிமீட்டர் பிசகு என்பது பட்டியலிலிருந்து உரியவரின் பெயரையே நீக்கிவிடப் போதுமானது.

மரபணு வந்தபின்

1984-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் மரபணு ரேகை முறையைக் கண்டுபிடித்தார். இந்தியாவில் ஐதராபாத் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் லால்ஜி சிங் இம்முறையை வளர்த்தெடுத்தார். எலும்பின் உட்பகுதியிலும் பல்லின் உள்ளேயும் மரபணு நெடுங்காலம் தங்கியிருப்பதால், முகம் சிதைந்த உடலுக்கும் இது பயன்படுகிறது.

எனினும் மரபணுவும் ஒப்பீட்டு முறைதான். ஒப்பிட ஒரு தாய், தந்தை, பிள்ளை அல்லது உடன்பிறந்தவர் வேண்டும். இதை முதலில் முழுமையாக உணர்ந்து செயல்பட்ட நாடு அர்ஜென்டினா. அங்கு 1976 முதல் 1983 வரை நடந்த இராணுவ ஆட்சியில் ஆயிரக்கணக்கானோர் காணாமலாக்கப்பட்டனர். 1984-இல் அமெரிக்க மானிடவியலாளர் கிளைட் ஸ்நோ அங்கு சென்று, இளம் மாணவர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவர்கள் உருவாக்கிய அர்ஜென்டினத் தடயவியல் மானிடவியல் குழு இன்று உலகின் பல நாடுகளில் பணியாற்றுகிறது. பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிமார்களின் போராட்டத்தால் 1987-இல் அங்கு தேசிய மரபணுத் தரவு வங்கி அமைந்தது. பாட்டிமார் தம் இரத்தத்தை முன்கூட்டியே கொடுத்து வைத்தனர். அவர்கள் மறைந்த பிறகும் ஒப்பீடு நடக்க அது வழிசெய்தது.

இந்தியாவில் 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்தில் நடந்த தொடர்வண்டி விபத்து இதன் தேவையைக் காட்டியது. சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டியில் வேலை தேடிப் பயணித்த வெளிமாநிலத் தொழிலாளர் பலர் இருந்தனர். 290-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒரே உடலைப் பல குடும்பத்தார் உரிமை கோரியதால், புவனேசுவரம் எய்ம்ஸ் மருத்துவமனையில் உடல்களை வைத்து மரபணு ஒப்பீடு செய்யப்பட்டது. அப்படியும் 28 உடல்களுக்கு எவரும் வரவில்லை. நான்கு மாதங்களுக்குப் பின் மாநகராட்சி அவற்றைத் தகனம் செய்தது.

ஆழிப்பேரலையில் இரண்டு கரைகள்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வெப்பத்தில் உடல்கள் விரைந்து அழுகின; நோய் பரவும் என்ற அச்சமும் இருந்தது. பல உடல்கள் பெரிய குழிகளில் மொத்தமாக அடக்கம் செய்யப்பட்டன. உள்ளூர் மக்களே ஒருவரையொருவர் அடையாளம் காட்டினர். அதற்கு வாய்ப்பில்லாத உடல்கள் பெயரின்றிப் புதைந்தன.

அதே அலையில் தாய்லாந்தில் 5,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்; அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகள். பல நாடுகளின் வல்லுநர் குழுக்கள் அங்கு வந்து, உடல்களைக் குளிரூட்டிய கொள்கலன்களில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் எண் இட்டு ஆராய்ந்தன. ஐரோப்பியரைப் பற்களே அடையாளம் காட்டின. அவர்களது பல் மருத்துவர்கள் எக்ஸ்ரே படங்களை அனுப்பினர். தாய்லாந்து மக்களுக்கு அடையாள அட்டைக்கென முன்பே கொடுத்திருந்த கைரேகைகள் உதவின. கைரேகை, பல், மரபணு ஆகிய மூன்றையும் முதன்மைச் சான்றுகளாக இன்டர்போல் வழிகாட்டி வகுத்துள்ளது. உடையும் நகையும் முகமும் துணைச் சான்றுகள் மட்டுமே. அழுகிய முகத்தைப் பார்த்து, துயரத்தில் இருக்கும் உறவினர் தவறாகச் சொல்லிவிடக்கூடும் என்பதே காரணம்.

மன்னாரும் செம்மணியும்

இலங்கையின் வடக்கில் உறவினரைத் தொலைத்த தமிழ்க் குடும்பங்களுக்கு இத்துறை நாள்தோறும் பேசப்படும் பொருளாகிவிட்டது. 2018-இல் மன்னார் சதொச கட்டடத்துக்காகத் தோண்டிய இடத்தில் எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் 300-க்கும் மேற்பட்டவை கிடைத்தன. அமெரிக்காவின் ஃபுளோரிடா ஆய்வகத்துக்கு அனுப்பிய மாதிரிகளின் கரிமக் காலக்கணிப்பு, அவை 15 முதல் 17-ஆம் நூற்றாண்டுக்குள் அடங்குபவை என்று 2019-இல் தெரிவித்தது. குடும்பங்கள் எதிர்பார்த்த விடை அது அன்று. அனுப்பிய மாதிரிகள் போதுமானவையா என்ற கேள்வியும் எழுந்தது. எலும்பு எந்தக் காலத்தது என்பதை முதலில் தீர்க்காமல் அடையாளம் தேட முடியாது என்ற பாடம் இதில் உண்டு.

யாழ்ப்பாணத்தை அடுத்த செம்மணியில் 1999-இல் நடந்த அகழ்வில் 15 உடல்கள் கிடைத்தன. 2025-இல் அப்பகுதியின் சித்துப்பாத்தி மயானத்தில் மீண்டும் அகழ்வு நடந்தபோது 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. குழந்தைகளுடையவையும் அவற்றில் அடங்கும். அவற்றோடு கிடைத்த உடைகளும் பொருட்களும் ஆகஸ்ட் 5 அன்று மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. ஒரு பாடசாலைப் பை, ஒரு பொம்மை என்று அந்தப் பொருட்களைப் பார்க்கக் குடும்பங்கள் வந்தன. பொருள் ஒரு துப்பைத் தரும். அதை உறுதி செய்ய உறவினரின் மரபணுவும், காணாமற்போனவரைப் பற்றிய முறையான குறிப்பும் தேவை.

பெயர் கிடைக்காவிட்டால் என்ன ஆகும்?

ஐயத்திற்குரிய மரணம் நிகழ்ந்தால் காவல் துறை பிரேத விசாரணை நடத்த வேண்டும். 2024 ஜூலை 1 வரை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவும், அதன்பின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவும் இதற்கு வழிவகுக்கின்றன. உடலின் படம் பிற காவல் நிலையங்களுக்கு அனுப்பப்படும். குறித்த காலத்துக்குள் எவரும் வராவிட்டால் உடல் அடக்கம் செய்யப்படும்.

வீட்டில் காத்திருப்பவர்களுக்கு அதோடு முடிவதில்லை. உடல் அடையாளம் காணப்படாவிட்டால் இறப்புச் சான்றிதழ் கிடைக்காது. அது இல்லாமல் வாரிசுச் சான்றிதழ் இல்லை. விதவை ஓய்வூதியம் இல்லை. நிலத்தின் பட்டாவை மாற்ற இயலாது. ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றிய தகவல் இல்லாவிட்டால்தான் அவர் இறந்தவராகக் கருதப்படலாம் என்று 1872-இன் இந்தியச் சாட்சியச் சட்டம் வகுத்தது. அதற்குப் பதிலாக வந்த 2023-இன் புதிய சட்டமும் அதே விதியைத் தொடர்கிறது. ஆழிப்பேரலைக்குப் பின் அரசு இந்த ஏழாண்டு நிபந்தனையைத் தளர்த்தியது. ஆனால் தனியே வேலைக்குப் போய்த் திரும்பாத ஒருவரின் மனைவிக்கு அத்தகைய தளர்வு இல்லை. ஏழு ஆண்டுகள் என்பது கையில் இருக்கும் குழந்தை பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கு வந்துவிடும் காலம்.

பத்து விரல் ரேகையும் ஆதாருக்காகக் கொடுத்தாயிற்றே, அதைப் பார்க்கலாமே என்று பலர் கேட்பதுண்டு. 2016-ஆம் ஆண்டு ஆதார் சட்டம், மக்களின் அந்தரங்கத்தைக் காக்கும் நோக்கில், கைரேகை முதலிய மைய உயிரியளவுத் தகவலை ஆதார் எண் வழங்கவும் உறுதிப்படுத்தவும் தவிர வேறெதற்கும் பகிரத் தடை விதிக்கிறது. காணாமற்போனோருக்கும் அடையாளம் தெரியாத உடல்களுக்கும் மரபணு அட்டவணை அமைக்க வகைசெய்த 2019-ஆம் ஆண்டு மசோதா, 2023 ஜூலையில் நாடாளுமன்றத்தில் திரும்பப் பெறப்பட்டது.

மலைக் கிராமத்தில் கிடைக்கும் பதிவுகள்

இந்நிலையில் கல்வராயன் மலையின் ஒரு குடும்பத்திடம் ஒப்பிடத்தக்கதாக என்ன இருக்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது.

முதலாவது, பள்ளிப் பதிவு. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் மாற்றுச் சான்றிதழில் 'அங்க அடையாளங்கள்' என்ற கட்டம் உண்டு. மாணவரின் மச்சம், தழும்பு என இரண்டு அடையாளங்களை ஆசிரியர் பார்த்து எழுதுவார். பல பழங்குடிக் குடும்பங்களில் ஒருவரது உடலைப் பற்றிய முதல் அரசுப் பதிவு இதுவே. சில பள்ளிகளில் இக்கட்டம் கடமைக்கு நிரப்பப்படுகிறது; 'வலது கையில் ஒரு மச்சம்' என்று வகுப்பு முழுமைக்கும் ஒரே வரி எழுதப்படுவதும் உண்டு. மச்சம் தோலோடு அழிந்துவிடும் என்பதும் உண்மையே. ஆனால் நெற்றியில் ஆழ்ந்த வடு, முறிந்து கூடிய கை, உடைந்த முன்பல் ஆகியவற்றை இடம் குறித்து எழுதினால், அவை எலும்பிலும் பல்லிலும் நிலைத்திருக்கும்.

இரண்டாவது, புகைப்படம். பல் தெரியச் சிரிக்கும் படம் ஒன்று, வாய் மூடிய பத்து படங்களைவிட உதவும். முன்பற்களின் இடைவெளியையும் வரிசையையும் மண்டை ஓட்டோடு ஒப்பிடலாம். கைப்பேசி வந்தபின் இத்தகைய படங்கள் மலைக் கிராமங்களிலும் இருக்கின்றன. கைப்பேசி தொலைந்தால் படமும் தொலைகிறது.

மூன்றாவது, மருத்துவப் பதிவு. எலும்பு முறிவுக்கு எடுத்த எக்ஸ்ரே, பல் பிடுங்கிய சீட்டு ஆகியவற்றை வீட்டில் வைத்திருந்தால் அவை வலுவான சான்றாகும். 2022 ஜனவரி 12 அன்று தொடங்கி வைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் ஒன்று கள்ளக்குறிச்சியில் அமைந்ததால், முன்பு தொலைவில் இருந்த வசதிகள் மலையடிவாரத்துக்கு வந்துள்ளன.

நான்காவது, புகார். காணாமற்போனவரைப் பற்றிய புகாரை எந்தக் காவல் நிலையமும் எல்லையைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்பதற்காகவே 'ஜீரோ எஃப்ஐஆர்' எனும் முறை இப்போது சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. போன வேலை சட்டவிரோதமானதோ என்ற அச்சத்தில் குடும்பம் வாய் திறவாமல் இருந்தால், வேறொரு மாநிலத்தின் பிணவறையில் இருக்கும் உடலுக்கும் மலைமேல் இருக்கும் வீட்டுக்கும் இடையே எந்தத் தொடர்பும் ஏற்படாது. தாயோ பிள்ளையோ கொடுக்கும் இரத்த மாதிரிக்குப் பயன் கிடைப்பதும் அந்தப் புகாருக்குப் பிறகுதான்.

பாஸ்டனில் ஒரு பல் மருத்துவர் வைத்திருந்த அச்சும், சென்னையில் படைப் பதிவேட்டில் இருந்த ரேகையும், அர்ஜென்டினாவில் பாட்டிமார் கொடுத்த இரத்தமும் செய்த வேலையை, வெள்ளிமலையிலும் கருமந்துறையிலும் ஒரு மாற்றுச் சான்றிதழின் இரண்டு வரிகள் செய்யக்கூடும். ஆசிரியர் மாணவனை அருகே அழைத்து, கையைத் திருப்பிப் பார்த்து, கண்டதைக் கண்டவாறு எழுதியிருந்தால் போதும்.